ஒன்பது ஆணியும் ஒரு கத்தரிப்பூப் பையும்

தில்லையம்மாள் தன் வாழ்நாளில் ஒரு வேலையைக்கூட மறந்தது கிடையாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிற ஜனங்களில், இப்படிச் சொல்லிக்கொள்ளும் தைரியம் வேறு யாருக்கும் வராது. தாலி கட்டும் நேரத்தில் ஐயர் மறந்துபோன மந்திரத்தை மணையில் உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்தவள் அவள். பிரசவ வலி வந்து ஆட்டோவில் ஏறும்போதே, நாளையிலிருந்து அரை லிட்டர் பால் கூடுதலாக வேண்டும் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டுப் போனவள். இதெல்லாம் அவளே சொல்வதுதான். கேட்பவர்கள் வாயைப் பிளந்தால், "கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் சொல்லிட்டேன்" என்று அவளே ஒப்புக்கொள்ளவும் செய்வாள். "ஐயர் மறக்கல, தும்முனாரு. பால் விசயம் மட்டும் நெசம்."

அவள் மறக்காததற்குக் காரணம் மூளை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையான காரணம் ஆணி. சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போகும் நடையில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வரிசையாக ஒன்பது ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தாம்பூலப் பை தொங்கும். கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலையும் போட்டு, மணமக்கள் பெயரை அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்தத் துணிப் பை. முடியாமல் கிடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பை. அந்த வேலைக்கு வேண்டிய சீட்டு, சாவி, அறுந்த செருப்பு, அளவு ரவிக்கை எதுவானாலும் அதற்குள் போய்விடும். பை காலியானால் வேலை முடிந்தது என்று பொருள். காலியான பை மடிந்து அலமாரிக்குப் போகும், ஆணி அடுத்த வேலைக்குக் காத்திருக்கும்.

பத்தாவதாக ஒரு வேலை வந்தால்? வராது. ஒன்பதில் ஒன்று முடிகிற வரை பத்தாவதை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "இப்ப ஆணி இல்ல, அடுத்த வாரம் வா" என்று கூடப் பிறந்த அண்ணனையே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

எந்த வேலை எந்தக் கல்யாணத்துப் பைக்குப் போகும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துபோன கல்யாணத்துப் பை, மளிகைச் சீட்டுக்கு. மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த கல்யாணத்துப் பை, தையற்காரருக்கு. ஆறே மாதத்தில் பிரிந்துபோன ஒரு ஜோடியின் பையில் வாஷிங் மெஷினின் வாரண்டி அட்டையும் அதைச் சரிசெய்ய வராத ஆளின் போன் நம்பரும் கிடந்தன. ஒத்துவராத வேலையெல்லாம் அந்தப் பைக்குத்தான்.

தில்லையம்மாளுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கணவர் மஸ்கட்டில். சிதம்பரத்து வீட்டில் அவளும், மகன் அறிவுமதியும், மாமனார் அய்யனாரும். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவாள். ரயிலிலும் அவள் ராஜ்ஜியம்தான். கிள்ளை வருவதற்குள் பூண்டு உரித்து முடிக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் சலீமா பீவி ஏறியதும் கீரை ஆய வேண்டும். ஆலப்பாக்கத்தில் சவரியம்மாள் ஏறும்போது பூ தொடுக்க ஆரம்பித்தால், கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் ஆளுக்கு இரண்டு முழம் தலையில் ஏறிவிடும். சலீமாவுக்குக் கடலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சவரியம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அதட்டுகிற அவளே தில்லையம்மாள் முன்னால் நாரும் பூவுமாகக் கைகட்டி உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு சட்டம்தான் எழுதாமல் அமலில் இருந்தது. அதுவும் தில்லையம்மாள் போட்டதுதான். கூடவே வந்து போகும் இசைவாணிக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. சிதம்பரத்தில் பெரிய மண்டபம், எண்ணூறு தாம்பூலப் பை. எல்லாம் கத்தரிப்பூ நிறம், எல்லாவற்றிலும் "எழிலன் – இசைவாணி." ரயில் சிநேகிதிகள் மொத்தப் பேரும் போயிருந்தார்கள். மறுவாரமே தில்லையம்மாள் அறிவித்துவிட்டாள்.

"இந்தாங்கடி, அந்தக் கத்தரிப்பூப் பையை யாரும் ரயிலுக்குத் தூக்கிக்கினு வராதீங்க. ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். மாறிப்போச்சின்னா எம்மேல பழி சொல்லக் கூடாது."

அப்படிச் சட்டம் போட்டவள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிவுமதி நடைக்கு வந்து நின்றான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். 'நேரத்தை நிர்வகிப்பது எப்படி' என்று கம்பெனி மூன்று நாள் வகுப்பு எடுத்திருந்தது. அந்த மூன்று நாளும் சாப்பிடக்கூட நேரமில்லாமல் வகுப்பைக் கேட்டு முடித்திருந்தான்.

"இன்னாம்மா இது, சுவர் பூரா பையி? எல்லாத்தையும் போன்ல போட்டுடலாம். ஒரு ஆப் இருக்கு. வேலைய எழுதுனா அதுவே ஞாபகப்படுத்தும். முடிச்சா ஒரு டிக். ஃபேமிலி குரூப்புல எல்லாருக்கும் தெரியும்."

"நான் முடிச்சா பையி காலியாவுது. பல்லி கூடத் தெரிஞ்சிக்குது. குரூப்பு எதுக்குடா?"

"தாத்தா, நீயாவது சொல்லேன்" என்று முன்னறையைப் பார்த்து முறையிட்டான். அய்யனார் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலையில் இருந்தார். அதற்குத்தான் வருகிறோம்.

அன்று மாலை தில்லையம்மாள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒன்பது பையும் காலி. உள்ளே இருந்தவை இனம் பிரிக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, ஆப்பில் ஏறியிருந்தன. சீட்டுகள் ஒரு கோப்பில், சாவிகள் ஒரு டப்பாவில். பைகளைத் துவைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியைப் பரண்மேல் ஏற்றியிருந்தான். பெற்ற பிள்ளை ஆசையாகச் செய்ததாயிற்றே என்று தில்லையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அப்போது பல்லைக் கடிக்க முடிந்தவர்கள் இரண்டு பேர்தான். அய்யனாரால் முடியாது.

அய்யனாருக்கு எழுபத்தெட்டு வயது. சிதம்பரத்தில் நாற்பது வருஷம் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம் என்று அவர் ஒயர் இழுக்காத மேடை கிடையாது. எல்லா மேடையிலும் முதலில் ஏறுகிறவர் அவர்தான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார். அப்புறம் மைக்கை யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். ஊரில் பேசாத ஆளே இல்லை. மைக்குக்குச் சொந்தக்காரர் மட்டும் மூன்றுக்கு மேல் பேசியதில்லை.

ஊர் இலக்கிய மன்றத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. அத்தனை வருஷமும் மைக் கட்டியவர் என்று அய்யனாருக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவு செய்தார்கள். அடுத்த சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி, கீழ வீதியில் ஒரு மண்டபம். அழைப்பிதழில் அவர் பெயர், அதற்குக் கீழே "ஏற்புரை – ஐந்து நிமிடம்."

அந்த "ஐந்து நிமிடம்" என்ற இரண்டு சொல்லை அய்யனார் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை படித்தார். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். ஏழாவது ஒத்திகையில், "அவைக்கு என் வணக்கம்" என்று கொஞ்சம் வேகமாகச் சொன்னார். வணக்கம் வெளியே வந்தது. கூடவே மேல்வரிசைப் பல் செட்டும் வந்து, வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அன்றையிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. கஞ்சி குடித்தார், சைகை காட்டினார். வியாழக்கிழமை ஒரு துண்டுத்தாளில் எழுதி மருமகளிடம் நீட்டினார். "பல் வராவிட்டால் விழாவுக்கு வரமாட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு." 

தில்லையம்மாள் அதைப் படித்துவிட்டுச் சட்டென்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், தட்டச்சு வகுப்புக்குப் போகக் கூடாது என்று வீடே சொன்னபோது, ஸ்பீக்கர் ஏற்றும் தள்ளுவண்டியில் பழைய டைப்ரைட்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் இறக்கியவர் இந்த மனுஷர். அன்றைக்கும் அவர் பேசவில்லை. இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

"சனிக்கிழம மத்தியானம் பல்லு உங்க கையில இருக்கும் மாமா. நான் சொல்றேன்ல" என்றாள்.

பல் கட்டிய டாக்டர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில், ஒரு மாடியில் இருந்தார். உடைந்ததை ஒட்டி, உள்ளே புதுப் பூச்சும் கொடுத்து, சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். காலையில் கிளம்பும்போது வழக்கம்போல நடைக்குப் போய்க் கையை நீட்டினாள். ஒன்பது ஆணியும் மொட்டையாக நின்றன. பரண் ஏற நேரமில்லை. அலமாரியைத் திறந்தால், கல்யாண வீட்டு மடிப்புக்கூடக் கலையாமல் ஒரே ஒரு பை இருந்தது. கத்தரிப்பூ நிறம்.

"இன்னிக்கி ஒரு நாளுக்கு இன்னா ஆயிடப் போவுது" என்று எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். சட்டம் போட்டவர்களுக்கு மட்டும்தான் சட்டத்தில் சந்து எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஒரு மணிக்குப் பல் டாக்டர் செட்டை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் கொடுத்தார். "உள்பூச்சு புதுசு. ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பெரியவரப் பொறுத்துக்கச் சொல்லுங்க." தில்லையம்மாள் டப்பாவைக் கத்தரிப்பூப் பையில் போட்டாள். உடனே போன் கிணுகிணுத்தது. 'பல் செட் வாங்குதல்' என்ற வரிக்கு நேரே ஒரு கட்டம். தொட்டாள். திரையில் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் கொட்டின. குடும்ப குரூப்பில், "பணி முடிந்தது! வாழ்த்துகள்!" மஸ்கட்டிலிருந்து கணவர் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினார். வீட்டில் அறிவுமதி ஓடிப்போய்த் தாத்தாவிடம் காட்டினான். அய்யனார் வேட்டியை இஸ்திரி போடக் கொடுத்தார்.

பகல் ரயிலில் கூட்டம். சலீமா பீவி ஏற்கெனவே ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். எதிரே சவரியம்மாள். காலுக்கடியில் ஆளாளுக்குப் பைகள். பெட்டி முழுக்கக் கருவாட்டு வாசனை. கடலூர் துறைமுகம் வழியாகப் போகும் ரயிலில் அந்த வாசனை வராவிட்டால்தான் மூக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம், யாரும் கவனிக்கவில்லை.

"இன்னாக்கா, முகம் பளபளன்னு இருக்குது?" என்றாள் சலீமா.

"மாமா இன்னிக்கி மேடையில பேசறாரு. பல்லு வாங்கியாச்சி, டிக்கும் அடிச்சாச்சி."

"அல்லா! மைக்செட்டு மாமா பேசப்போறாரா? இன்னா பேசப்போறாரு?"

"யாருக்குத் தெரியும்? பல்லு ஒடையற வரிக்கும் கண்ணாடிக்கிட்டதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் போனா நிறுத்திடுவாரு."

ஆலப்பாக்கத்தில் சவரியம்மாள் இறங்கினாள். பரங்கிப்பேட்டையில் சலீமா அவசரமாக எழுந்து, காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சிதம்பரத்தில் தில்லையம்மாள் இறங்கும்போதும் காலடியில் ஒரு கத்தரிப்பூப் பை பத்திரமாக இருந்தது. கனம் கொஞ்சம் கூடியிருப்பதுபோல் தோன்றியது. பொறுப்பின் கனம் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அய்யனார் குளித்து, திருநீறு பூசி, கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். தில்லையம்மாள் இரண்டு கையாலும் பையை நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே கைவிட்டார். முகம் மாறியது. வெளியே எடுத்தார்.

அரை அடி நீளத்தில் ஒரு சுறாக் கருவாடு. பின்னாலேயே இன்னும் நாலு.

போன் கிணுகிணுத்தது. "இன்றைய பணிகள் அனைத்தையும் முடித்துவிட்டீர்கள்!"

"அத அமுக்குடா!" என்று மகனிடம் கத்தினாள் தில்லையம்மாள்.

அய்யனார் கருவாட்டை மெல்லப் பைக்குள் திருப்பி வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான். தில்லையம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். இதுவரை செய்த வேலைகள், காலியாக்கிய பைகள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அந்த இரண்டு பொத்தானை எதிர்த்தட்டில் வைத்தால், பொத்தான் பக்கம்தான் தாழும்.

"கழட்டாதீங்க மாமா. இப்ப வருது பாருங்க" என்று போனை எடுத்தாள்.

சலீமா முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அலறினாள்.

"யா அல்லா! அது லால்பேட்டையில எங்க நாத்தனாருக்கு வாங்குன கருவாடுக்கா! எம் பழைய பையி அறுந்துபோச்சி, அதான் இன்னிக்கி மட்டும் அந்தப் பைய எடுத்தேன்."

"பல்லு எங்கடி?"

"எங்க வூட்டுக்காரரு ஸ்டேஷனுக்கே வந்து பையை வாங்கிக்கினு நேரா பஸ் ஏறிட்டாரே! சிதம்பரம் வந்துதான் லால்பேட்ட பஸ் மாறணும்."

"அவரு நம்பர் குடு."

கொடுத்தாள். தில்லையம்மாள் அடித்தாள். மணி அடித்தது, சலீமாவே எடுத்தாள். "எக்கா, போன இங்கியே சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டாரு!"

"அவரு எப்பிடி இருப்பாரு?"

"வெள்ளச் சட்ட, வெள்ளக் கைலி, தொப்பி, தாடி. பேரு அபுல் ஹசன்."

லால்பேட்டை பஸ்ஸில் ஏறுகிற ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்ல தில்லையம்மாளுக்கு வாய் வரவில்லை. கருவாட்டுப் பையையும் மாமனாரையும் ஆட்டோவில் ஏற்றினாள்.

"நான் எதுக்கு?" என்று கையால் கேட்டார் அய்யனார்.

"பல்லு கெடச்சதும் அங்கியே மாட்டிக்கினு நேரா மண்டபத்துக்குப் போயிடலாம். ரெண்டு வேல ஒரு நடையில முடியும். சட்டப் பொத்தானப் போடுங்க!"

பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமைக் கூட்டம். காட்டுமன்னார்கோயில் பஸ்கள் நிற்கும் இடத்தில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்றன. சரி, ஆளைத் தேட வேண்டாம், பையைத் தேடுவோம் என்று நினைத்தாள். அதுதான் அன்றைக்கு அவள் செய்த இரண்டாவது தப்பு. எண்ணூறு பை கொடுத்த கல்யாணம் நடந்தது இதே ஊரில். பூக்காரி கையில் கத்தரிப்பூ. கண்டக்டர் தோளில் கத்தரிப்பூ. மூட்டை மேல் கத்தரிப்பூ. ஜன்னல் கம்பியில் கத்தரிப்பூ.

முதலில் ஒரு பெரியவரின் பையைப் பிடித்து இழுத்தாள்.

"எம் பையில இன்னாத்தம்மா தேடற?"

"பல்லு."

பெரியவர் பயந்துபோய்த் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பையில் வாழைக்காய். அடுத்தது கண்டக்டர் பை, டிபன் கேரியர். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் தில்லையம்மாளின் கையிலிருந்த பையையே இழுத்தாள். "ஏ, எம் பைய வச்சினு எங்க போற?" உள்ளே பார்த்துவிட்டு, "ச்சீ, கருவாடு" என்று விட்டுவிட்டாள். அவளும் கத்தரிப்பூப் பையைத் தொலைத்தவள்தானாம். ஊரில் அன்றைக்கு எத்தனை பேர் யார் யார் பையோடு அலைந்தார்களோ, கணக்கெடுத்தவர் யாருமில்லை.

லால்பேட்டை பஸ் உறுமத் தொடங்கியது. தில்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் மாமனாரைக் காணோம்.

அய்யனார் டைம் கீப்பர் அறையின் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். பஸ் கிளம்பும் நேரத்தை அறிவிக்கிற மைக் உள்ளே இருந்தது. அதன் ஒயரை இரண்டு தடவை ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான் என்பதால், டைம் கீப்பர் ஒன்றும் கேட்காமல் நீட்டினார். அய்யனார் வழக்கம்போல ஒரு விரலால் மைக்கைத் தட்டினார்.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

பஸ் ஸ்டாண்ட் முழுக்க அது ஒலித்தது. பல்லில்லாத வாயில் பாதி காற்றாக வந்தாலும், அந்தக் குரலை ஊருக்குத் தெரியும். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அய்யனாரும் பார்த்தார், மைக்கை அடுத்து யாரிடம் கொடுப்பது என்று. நாற்பது வருஷப் பழக்கம். கை தானாகவே நீண்டது. வாங்க யாரும் இல்லை. மருமகள் நாலு பஸ்ஸுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள்.

"பேசுங்க மாமா!" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். "நீங்களே பேசுங்க!"

அய்யனார் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"பரங்கிப்பேட்ட அபுல் ஹசன் அவர்களே. நீங்க எந்த பஸ்ஸுல இருந்தாலும் எறங்கி வாங்க. உங்க கையில இருக்கிற பையில கருவாடு இல்ல. என் பல்லு இருக்கு. அஞ்சு மணிக்கு எனக்கு அது வேணும். நான் பேசணும்."

சிரிப்பு பிளாட்பாரம் பிளாட்பாரமாகப் பரவியது. லால்பேட்டை பஸ்ஸுக்குள் ஒருவர் தன் பைக்குள் கையை விட்டு, டப்பாவைத் திறந்து பார்த்து, "லா இலாஹ இல்லல்லாஹ்!" என்று அலறும் சத்தம் வெளியே கேட்டது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டப்பாவை முழுக்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"மைக்செட்டு ஐயாவா? இந்தாங்க உங்க சாமான். சத்தியமா நான் தொடல."

தில்லையம்மாள் கருவாட்டைக் கொடுத்துப் பல்லை வாங்கினாள். தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலி என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். லால்பேட்டை பஸ் அதற்குள் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அய்யனார் பல்லை மாட்டிக்கொண்டு, அபுல் ஹசனின் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டார். விழாவுக்குத்தான். முதல் வரிசையில்.

மண்டபத்தில் மைக்கை வேறு யாரோ கட்டியிருந்தார்கள். போனதும் அய்யனார் அதைத்தான் பார்த்தார். ஒயர் சரியில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். தில்லையம்மாளுக்குப் பெண்கள் பக்கம் பத்தாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. பேச அழைத்ததும் மாமா மேடையின் ஓரத்துக்குப் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார். முதல் வரிசையிலிருந்து எழுந்து அங்கே வந்த அபுல் ஹசன் அவர் காதருகே குனிந்து என்னவோ கேட்டார். அப்புறம் அய்யனார் திரும்பி வந்து மைக்கைத் தட்டினார். ஒன், டூ, த்ரீ சொன்னார். இந்தத் தடவை கை நீளவில்லை.

"இருவத்தஞ்சு வருசமா உங்க எல்லார் பேச்சையும் கேட்டேன்" என்று ஆரம்பித்தார். "பாதிப் பேச்சுல ஒயரப் புடுங்கிடலாம்னு தோணும். புடுங்குனதில்ல. மன்றத்துக்கு நான் செஞ்ச தொண்டு அதுதான்."

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சாளர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். தில்லையம்மாளுக்கு அதற்கு மேல் சரியாகக் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அட்டைப்பெட்டி தானாகவே இறங்கியது. இறக்கியவன் அறிவுமதி. ஒன்பது பையும் ஆணிக்குத் திரும்பின. போனிலிருந்து ஆப்பை அவளே எடுத்துவிட்டாள். எடுத்ததற்கும் அது வாழ்த்துச் சொன்னது.

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் ஆலப்பாக்கம் தாண்டியதும் பூ தொடுக்கும் வேலை. சனிக்கிழமை வராமல்போன இசைவாணிக்குத் தில்லையம்மாள் முழுக் கதையையும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் பத்தாயிரம் பேர் நின்றார்கள். கலெக்டர் கார்கூட நின்று கேட்டது.

"கலெக்டர் காரா?" என்றாள் இசைவாணி.

"சரி, ஒரு ஜீப்பு. ஜாஸ்தியாத்தான் சொல்லிட்டேன். ஆனா பேச்சு மட்டும் நெசம்டி. புதுப் பல்லு போட்டுக்கினு கணீர்னு பேசுனாரு பாரு, ஒரு எழுத்து ஒழுகல! முழுசா அஞ்சு நிமிசம். அந்தப் பல்லு மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரலன்னு வையி, எங்க மாமா வாயத் தொறந்திருக்கவே மாட்டாரு. அத மறக்காம, மாறாமக் கொண்டுபோய்ச் சேத்தது யாரு?"

"மாறாமயா?" என்று சவரியம்மாள் பூவிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்.

தில்லையம்மாள் அதைக் காதில் வாங்காததுபோல் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். சலீமா பீவி மடியில் இருந்த பூவை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் தயங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எக்கா, கோவிச்சிக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயே நின்னாரு. புதுப் பல்லு இறுக்கிப் புடிக்குதுன்னு, தண்ணி குடிக்கிற சாக்குல உங்க மாமா அதக் கழட்டி எங்க வூட்டுக்காரரு கையிலதான் குடுத்தாராம். பேச்சு முடியற வரிக்கும் அது இவரு கைக்குட்டையிலதான் இருந்துச்சி. அப்பறம், பேசுனது அஞ்சு நிமிசம் இல்லக்கா. பதினேழு நிமிசம். இவரு கைக்கடியாரத்தப் பாத்துக்கினே நின்னிருக்காரு, அடுத்த லால்பேட்ட பஸ்ஸும் அதுலதான் போச்சி."